இஷாவுக்குப் பின் யார் விழித்திருக்கிறார்கள்?

சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலப் பேரருவியில் விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவு கடந்தும் கூட்டம் குறைவதில்லை. அதைக் காட்டி, "இரவில் விழிப்பவனுக்குப் புற்றுநோய் வரும்; குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது" என்றொரு செய்தி நம் கைப்பேசிகளில் சுற்றுகிறது. ஆலிம்கள் சிலரும் அதைப் பகிர்கின்றனர். இதை நாம் மறுக்கிறோம்.

அந்நபஃ அத்தியாயம் உறக்கத்தை ஓய்வாகவும் இரவை ஆடையாகவும் கூறுகிறது. நோயின் பெயர் எதுவும் அங்கில்லை. இறைவேதம் சொல்லாததை அதன் மீது ஏற்றுவது பெரும் பிழை.

அறிவியலும் அப்படிச் சொல்லவில்லை. உடலின் செல்களில் பிரியட், கிளாக் முதலிய மரபணுக்கள் ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் இயங்குகின்றன. ஈக்களில் இதன் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு அருகிலேயே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களிடம் இந்தக் கடிகாரத்தை ஆராய்ந்தார். செல் எப்போது பிரிய வேண்டும், சிதைந்த டி.என்.ஏ. எப்போது சீராக வேண்டும் என்பவற்றிலும் இக்கடிகாரத்திற்குப் பங்குண்டு. பிரியட்-2 மரபணு பழுதான எலிகளுக்குக் கதிர்வீச்சு செலுத்தியபோது கட்டிகள் மிகுந்ததை 2002இல் கண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் இரவுப் பணியைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் வகையில் வைத்தது. 'கூடும்' என்பதைக் கவனியுங்கள். பேச்சு தொடர்ந்த இரவுப் பணியைப் பற்றியது. ஓர் இரவு அருவியில் குளித்தவரைப் பற்றியதன்று.

அப்படியானால் நம்மிடையே ஆண்டுக்கணக்கில் இரவை இழப்பவர் யார்? தென்காசியிலும் கடையநல்லூரிலும் பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு, மடியில் தட்டும் இலையும் தூளுமாக அமர்ந்து ஆயிரத்தை நிறைவு செய்யும் நம் தாய்மார்கள். இரவுப் பணியாளர் என்று நாம் அவர்களை எண்ணுவதே இல்லை. புகையிலைத் தூளை நாள்தோறும் சுவாசிப்பதும் அவர்களே. அவர்களில் ஒருவர் நோயுற்றால், "சுன்னத்தைப் பேணாததன் விளைவு" என்று அந்தச் செய்தியைக் காட்டுவோமா? நோயாளியைக் குற்றவாளியாக்கும் உரிமையை நமக்கு யார் தந்தது?

இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன் பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. கல்விக்காக விழித்திருக்க விலக்குண்டு என்பதும் உண்மையே. ஆனால் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, பதினொன்றரை மணி வரை ஒலிபெருக்கியில் பயான் நடத்துவதும் நாமே. அதே பிள்ளைகள் சுபுஹுக்குப் பின் மதரஸாவில் தூங்கி விழுகின்றனர். நாமும் அவர்களை அதட்டியிருக்கிறோம்; அதை மறைப்பதற்கில்லை.

வரும் ரபீஉல் அவ்வல் கூட்டங்களை அஸருக்குப் பின் தொடங்கி இஷாவோடு முடிக்குமாறு நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துள்ளோம். பதில் இன்னும் வரவில்லை.