கூடு காக்கும் தந்தை

"பிடித்த மீனை மறுபடியும் நீரிலேயே விடுவதற்கா, ஐயா, இத்தனை பாடு?" என்று மாணவர் ஒருவர் அண்மையில் நம்மை வினவினார். அமெரிக்காவிலே 'பாஸ்' என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போரைப் பற்றி அவர் எங்கோ படித்திருந்தார். கேள்வி நியாயமானதே. விடை காண வேண்டுமாயின், அம்மீனின் ஓராண்டு வாழ்க்கையைச் சற்று நோக்குதல் வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்குக் கிழக்கே, 'லேக் போர்க்' என்றொரு பெரிய நீர்த்தேக்கம் உண்டு. அதன் அணை 1980 இல் கட்டி முடிக்கப்பட்டது. பரப்பு 27,000 ஏக்கருக்கு மேலாகும். நின்ற மரங்கள் பலவற்றை வெட்டாமலே நீரில் மூழ்கவிட்டனர். பதுங்கியிருந்து இரைமீது பாயும் பெருவாய்ப் பாஸ் மீனுக்கு அஃது ஏற்ற உறைவிடமாயிற்று. 1992 இல் இங்கு பிடிபட்ட மீன் ஒன்று 18.18 இறாத்தல் நிறையுடன் அம்மாநிலத்தின் சாதனையாகப் பதிவாயிற்று.

மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. ஆதலின் நீரின் வெப்பமே அதன் பஞ்சாங்கம். கோடையில் மேல்நீர் சூடேறும். அடிநீர் குளிர்ந்திருப்பினும் அங்கே பிராணவாயு குறைந்துவிடும். மீன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீரை நாடும். விடியலிலும் இரவிலுமே கரையோரம் வந்து இரை தேடும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து அடிநீரோடு கலக்கும். அப்போது சிறுமீன் கூட்டங்கள் ஓடைமுகங்களை நாட, பாஸும் அவற்றைப் பின்தொடரும். மாரியில் அதன் செரிமானமும் அசைவும் மந்தமாகிவிடும். தூண்டிற்காரரும் இரையை மெல்ல மெல்ல அசைத்துப் பொறுமையோடு காத்திருப்பர்.

வசந்தம் வந்து நீர் வெதுவெதுப்பானதும், ஆண் மீன் ஆழங்குறைந்த கரையோரத்தில் வாலினால் மண்ணை விலக்கிக் குழிவான கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டபின் அகன்றுவிடும். அதன்பின் காவல் முழுவதும் தந்தையுடையதே. முட்டை பொரித்துக் குஞ்சுகள் நீந்தித் திரியும்வரை, பெரிதும் இரையுண்ணாமல், அணுகும் எதனையும் அது பாய்ந்து விரட்டும். தூண்டில் முள்ளையும் அவ்வாறே கவ்வும். பசியினாலன்று; பிள்ளைகளைக் காக்கும் வேகத்தினால்!

அது கூட்டை விட்டு அகன்ற சில நிமிடங்களிலேயே பிற மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். பிடித்தவர் மீனைத் திரும்ப விட்டாலும், அது களைப்புடன் மீள்வதற்குள் கூடு வெறுமையாகலாம். ஆகவே, பெருந்தன்மையோடு மீனை விட்டுவிட்டதாக எண்ணுபவரும் ஒரு குடும்பத்தையே அழித்தவராகக்கூடும்.

லேக் போர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீன்களை உடனே திரும்ப விடவேண்டும் என்பது சட்டம். பெரிய மீன்கள் வளர்ந்து பெருக அது வழி செய்கிறது. ஆனால் டெக்சாஸில் வசந்தகாலத் தடை கிடையாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பல பகுதிகளில், கூடு காக்கும் காலம் கழிந்த பின்னரே பாஸ் பிடிக்க அனுமதி உண்டு. தடையில்லாத இடத்தில் கூட்டின்மீது தூண்டில் வீசுவதா, விலகிப் போவதா என்பது மனிதனின் மனச்சாட்சிக்கு விடப்பட்ட செய்தியாகிறது.

ஆகவே, கேள்வி கேட்ட மாணவருக்கு நாம் கூறுவது இதுவே: திரும்ப விடுவது நன்று, ஆயினும் அதுமட்டும் போதாது. விட்ட மீன்களிலும் சில மாண்டுபோவதுண்டு. எப்போது பிடிக்கலாம் என்று அறிவது திறமை. எப்போது தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பவேண்டும் என்று அறிவதே பண்பு. நமது குளங்களில் வாழும் விராலும் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரிவதுதான். தூண்டிலோடு குளக்கரைக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் இதனை நினைவிற் கொள்வார்களாக.