கடை எங்க முனையில், கூட்டம் உங்க தெருவிலா?

'சேரின்னாலே குடி' என்கிறீர்கள். 2003இல் மதுச் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. கடை எங்கள் சேரி முனையிலேயே இருக்கு. வழி கேட்க வேண்டியதில்லை.

குடியை விடணும்னு எங்கண்ணன் அழுதபோதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தைத் தேடி அலைந்தேன். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது அது. கட்டணம் கிடையாது, விடணும்ங்கிற ஆசை போதும். உள்ளே சாதி கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் பலர் ஊர்க்காரர்கள்தான்!

ஆனால் போகும் வழி ஊர்த்தெரு. 'எந்தத் தெருடா நீ? இங்கென்ன வேலை?' என்று மறித்தான் ஒருவன். மறுவாரம் அண்ணன் வரலை.

குடிக்க வழிவிடுவீர்கள், குடியை விடப்போனால் மறிப்பீர்களா?

இரண்டு மூன்று குடிநோயாளிகள் சேர்ந்தாலே கூட்டம்தான். எங்கள் சமுதாயக்கூடத்தில் அண்ணனோடு மூணு பேர் உட்கார்ந்தாச்சு. நீங்களும் வாங்க. நாங்க தெரு கேட்கமாட்டோம்.