பின்னால் படகு இருந்தால் 55 போதும்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் டெக்சாஸிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். புதிதாக வாங்கிய மீன்பிடிப் படகு, டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் நிற்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரி: "75 மைல் வேகத்துல இழுத்துட்டு வந்தேன் சார், ஆடவே இல்ல." அந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. அவனுக்கு மட்டும் பதில் போடாமல், வெளிநாட்டில் படகு, கேரவன் என்று இழுத்துப் போகும் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் படகு இருந்தால், சாலைப் பலகையில் எந்த எண் இருந்தாலும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் போதும். இறக்கத்திலும் பலத்த காற்றிலும் அதற்கும் கீழே.

இதை நான் புத்தகத்தை வைத்துச் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எழுதலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க மாமா, நாலு பேருக்கு உதவும்" என்றார். பெரிய மனசு.

ஒரு சனிக்கிழமை காலை ஃப்ரீமாண்டிலிருந்து கிளம்பினோம். சாக்ரமெண்டோ, சான் வாகீன் ஆறுகள் சேரும் டெல்டாவுக்குப் போய் மீன் பிடிப்பதாகத் திட்டம். வழியில் ஆல்டமான்ட் கணவாய். நம் ஆரல்வாய்மொழி மாதிரி குன்றெல்லாம் காற்றாலைகள். மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கும்போது முள் 70ஐக் காட்டியது. நான் முன் சீட்டில். பின்னால் மகளும் ஒன்பது வயதுப் பேத்தியும்.

வலது பக்கம் போன ஒரு பெரிய லாரியை முந்தினோம். லாரியின் முகப்பு தள்ளிய காற்று டிரெய்லர் மேல் பட்டது. முதலில் லேசாக ஓர் ஆட்டம். அடுத்தது அதைவிடப் பெரிது. மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் வண்டியின் பின்பக்கமே இடமும் வலமுமாக இழுபட்டது. மாப்பிள்ளை பதறி பிரேக்கை அழுத்தினார். ஆட்டம் இன்னும் மோசமானது. உடனே காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. பத்து விநாடிகூட இருக்காது. ஓரம் கட்டி நிறுத்திய பிறகும் யாரும் பேசவில்லை. பேத்தி மட்டும், "தாத்தா, வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள்.

இறங்கிப் பார்த்தேன். இரண்டு ஐஸ் பெட்டிகள், நங்கூரம், தண்ணீர் கேன்கள் எல்லாம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று படகின் பின்பகுதியில், மோட்டாருக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஊரில் நெல் மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரரைக் கேட்டால் சொல்வார், அது பின்பாரம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். டிரெய்லரிலும் அதே நெம்புகோல் கணக்குத்தான். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் முன்கொக்கியின் மேல் விழ வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். அது குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும்.

என்னை உறுத்துவது வேறு. அந்தச் சுமையைக் காலையிலேயே நான் பார்த்தேன். முள் 70ஐத் தொட்டதையும் பார்த்தேன். அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் குரலை உயர்த்தியவன், மாப்பிள்ளை வண்டியில் வாயைத் திறக்கவில்லை. மாமனார் மரியாதை! அந்த மரியாதைக்கு என் பேத்தியை அல்லவா பணயம் வைத்தேன்?

இனி, "ஆடவே இல்ல" என்ற பேச்சுக்கு வருகிறேன். இழுத்துப் போகும் ஒவ்வொரு ஜோடி வண்டிக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் வந்தால் தானே அடங்கும். அதற்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த எல்லை எது என்று எந்த மீட்டரும் காட்டாது. சுமை இடம் மாறினால், டயரில் காற்று குறைந்தால் எல்லையும் இறங்கிவிடும். ஆகவே தம்பி, உன் படகு ஆடவில்லை என்றால், அன்றைக்கு எல்லைக்குக் கீழே இருந்தாய், அல்லது தள்ளிவிட ஒரு லாரி வரவில்லை. அவ்வளவுதான் அர்த்தம்.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! 55இலிருந்து 70க்குப் போனால் வேகம் 27 சதவீதம்தான் கூடுகிறது. ஆற்றல் 62 சதவீதம் கூடுகிறது. அதற்குக் கிடைக்கும் லாபம்? 60 மைல் தூரத்துக்கு 14 நிமிடம். ஒரு காபி குடிக்கும் நேரம்.

"எல்லாரும் 70ல போகும்போது நான் மட்டும் 55ல போனா அதுவே ஆபத்து இல்லையா சார்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. இடது பக்கத் தடத்தில் போனால் ஆபத்துதான். வலது ஓரத்தில் லாரிகளோடு போங்கள். கலிபோர்னியாவில் பெரிய லாரிகளுக்கும், டிரெய்லர் இழுக்கும் கார்களுக்கும் சட்டப்படியே 55தான் உச்சம். நியூசிலாந்தில் 90 கிலோமீட்டர். பிரிட்டனில் மோட்டார்வேயில் கார்களுக்கு 70 மைல் என்றால் டிரெய்லர் இழுத்தால் 60.

படகு டிரெய்லருக்கு இன்னொரு சங்கடம். மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும்; டயரின் பூ தேயும் முன்பே ரப்பர் வெடிப்பு விடும். ஓடிச் சூடான சக்கரக் குடத்தை அப்படியே குளிர்ந்த நீரில் இறக்குகிறோம். உள்ளே காற்று சுருங்கி, சீல் பழசாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெடும், பேரிங் போகும். வேகம் கூடினால் இவை எல்லாம் சேர்ந்து சூடாகும்.

ஆகவே கிளம்பும் முன் டயர் காற்று, டயர் வயது, சுமை மூன்றையும் பாருங்கள். அரை மணி ஓடியதும் நிறுத்திச் சக்கரக் குடத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் மேலே போகாதீர்கள். ஆட்டம் வந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்க்காதீர்கள்.

அன்று சுமையை முன்னால் மாற்றி, 50இலேயே டெல்டாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மீன் ஒன்றும் மாட்டவில்லை. இப்போதெல்லாம் முள் 55ஐத் தாண்டினால் பேத்தியே "அப்பா!" என்று ஒரு குரல் கொடுக்கிறாளாம். அன்று நான் கொடுக்கத் தவறிய குரல் அது.

டெக்சாஸ் தம்பி, படகு அழகாக இருக்கிறது. மெதுவாக ஓட்டிப் போ. ஏரிக்கரையில் எடுத்த படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்