சுட்டவன் பதில் சொல்ல வேண்டாமா?

கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போவது குற்றமா? நமது நாட்டில் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள் உழைக்கும் ஜனங்கள்.

1999 ஜூலை 23-ம் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. கூலி உயர்வு வேண்டும், சிறையிலுள்ள தொழிலாளரை விடுதலை செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை. போலீஸ் தடியடியில் ஜனங்கள் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் மாண்டார்கள்.

2018 மே 22-ம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தார்கள். முந்திய நாள்தான் சில பகுதிகளுக்கு 144 தடையுத்தரவு போடப்பட்டிருந்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் பெண்கள் உட்பட 13 பேர் பலியானார்கள்.

“கூட்டம் கலவரம் செய்தது” என்பது அதிகாரிகளின் பழைய பல்லவி. கல்லெறிந்தவன் இருந்தால் அவனைக் கைது செய்து கோர்ட்டில் நிறுத்துவதற்குச் சட்டம் இருக்கிறது. ஓடுகிறவனைச் சுடுவதற்கு எந்தச் சட்டம் இருக்கிறது? சர்க்கார் நியமித்த நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனே, தப்பியோடிய ஜனங்கள் மீது சுடப்பட்டது, போலீஸ் வரம்பு மீறியது என்று கூறிவிட்டது. 17 போலீசார் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சிபாரிசு செய்த அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. ஆனால் கமிஷன் சிபாரிசுதான் செய்யலாம். தண்டனை கொடுக்க அதற்கு அதிகாரமில்லை.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். அங்கேதான் பூட்டு! கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த காரியத்துக்காகப் போலீஸ்காரன் மீது வழக்கு நடத்த வேண்டுமானால் ராஜ்ய சர்க்காரின் அனுமதி வேண்டும். பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 132-வது பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்தது. 144-வது பிரிவு 163 ஆயிற்று. 132-வது பிரிவு 151 ஆயிற்று. நம்பர் மாறிற்று, பூட்டு மாறவில்லை. துப்பாக்கி கொடுத்தவனிடமே வழக்குக்கு அனுமதி கேட்க வேண்டுமாம்!

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து நமக்கு அளித்திருக்கிறது. நியாயமான அபிப்பிராயத்தையும் ஜனநாயக உரிமையையும் நசுக்க 144-ஐப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தடையுத்தரவு என்றால் அதன் நகலைக் கேளுங்கள். என்ன காரணம், எந்த எல்லை, எத்தனை நாள் என்று கேளுங்கள்.

முதலாளிக்குப் பணமிருக்கிறது, அதிகாரியிடம் செல்வாக்கிருக்கிறது. நமக்கு இருப்பது ஒன்று கூடும் பலம் ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டால் கூலியும் இல்லை, நிலமும் இல்லை, நீதியும் இல்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: கமிஷன் குறிப்பிட்ட அதிகாரிகள் அனைவர் மீதும் கிரிமினல் வழக்கு நடத்து! சுட்டவனுக்குக் கேடயமாக நிற்கும் 151-வது பிரிவை ரத்துச் செய்! தடையுத்தரவை ஊர்வலங்களுக்கு எதிரான ஆயுதமாக்காதே!

சங்கங்கள் ஒவ்வொன்றும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். ஒன்றுபட்ட குரலை எந்தத் துப்பாக்கியாலும் அடக்க முடியாது!