கதிர் வெளுத்த பின் மருந்தா?

வன்னியிலிருந்து நேயர் ஒருவர் எழுதிய கடிதம் எமது மேசைமீது கிடக்கின்றது. பசுமையாய் நின்ற இரண்டு ஏக்கர் நெல்லும் ஒரு கிழமைக்குள் வெண்கதிராயிற்றாம். கடையில் வாங்கிய பங்கசுநாசினியை இருமுறை தெளித்தும் பயனில்லையாம். "மருந்து கலப்படமோ?" என்று கேட்கின்றார். மனைவியின் சங்கிலி அடகில் இருக்கின்றது என்ற வரியும் அதில் உண்டு.

வெண்கதிர் யாவும் ஒரே நோயினால் வருவன அல்ல. இழுத்தவுடன் கதிர் கையோடு வந்துவிடின், அது தண்டு துளைக்கும் புழுவின் வேலை. பங்கசுநாசினிக்கு அங்கே அலுவலில்லை. கதிரின் கழுத்துக் கறுத்து முறிந்தால் எரிபந்த நோய் எனலாம். நேயர் கழுத்துக் கறுத்ததாகவே எழுதியுள்ளார்.

எரிபந்தத்தை உண்டாக்கும் பங்கசின் வித்தி காற்றில் மிதந்து வந்து, பனி படிந்த பயிரின்மேல் இறங்கிச் சில மணித்தியாலங்களில் முளைக்கின்றது. முளையின் நுனியிலே கரிய குமிழ் ஒன்று தோன்றும். கண்ணுக்குப் புலனாகாத அக்குமிழினுள் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறக்குறைய 80 மடங்கு அமுக்கம் திரள்கின்றது! மோட்டார் வண்டிச் சில்லில் உள்ளதோ இரண்டு மூன்று மடங்குதான். அவ்விசையினாலேயே அது பயிரின் தோலைத் துளைத்து உட்புகுகின்றது. குமிழுக்கு உறுதியளிப்பது மெலனின் என்னும் கரும்பொருள். நமது தலைமயிரைக் கறுப்பாக்குவதும் இவ்வினப் பொருளே. திரைசைக்கிளசோல் என்னும் மருந்து இம்மெலனின் உண்டாகாமல் தடுக்கின்றது. மெலனின் இல்லையேல் அமுக்கம் இல்லை. பங்கசு வாயிலிலேயே நின்றுவிடும்.

மாணவர்கள் இதனைக் கவனிப்பார்களாக. இம்மருந்து வாயிற்காவலன், உள்ளே புகுந்த கள்வனை அது பிடிக்கமாட்டாது. பயிரினுள் ஊடுருவும் வேறு மருந்துகளும் உள. எனினும் கருகிய கழுத்தை உயிர்ப்பிக்க எவற்றாலும் இயலாது. இலைகளில் நடுவே சாம்பலும் ஓரத்தில் கபிலமுமாகக் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும்போதே விழித்துக்கொள்ள வேண்டும். குடலைப் பருவம் முடிந்து கதிர் தலைகாட்டும் வேளையே கழுத்தைக் காக்கத் தெளிக்கும் வேளை. நேயர் தெளித்ததோ கதிர் வெளுத்த பின்! மருந்தின்மீது பழி சுமத்த எமக்கு மனம் வரவில்லை.

பிந்தித் தெளிப்பதால் வேறொரு தீங்கும் உண்டு. அறுவடைக்கு அண்மையில் தெளித்த மருந்து அரிசியிலும் எஞ்சக்கூடும். திரைசைக்கிளசோலின் எச்சம் ஒரு கிலோகிராம் அரிசியில் 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஆம் ஆண்டில் விதித்தமை சிறு செய்தியன்று.

கடிதத்தின் ஓரத்தில், யூரியாவை இவ்வருடம் தாராளமாய் இட்டதாகவும், பயிர் கரும்பச்சையாய்ச் செழித்ததாகவும் பெருமையோடு குறித்துள்ளார். அந்தோ! நைதரசன் மிகுந்த பயிரே எரிபந்தத்துக்கு விருந்து.

இப்போகத்தில் இனி மருந்து வாங்கிப் பணத்தை விரயமாக்க வேண்டாம். அவ்வயல் நெல்லை விதைக்கு வைக்கவும் வேண்டாம்; நோய் விதையோடும் வைக்கோலோடும் தொடரும். அடுத்த போகத்தில் யூரியாவை அளவோடு பிரித்து இடுக. புள்ளி கண்டவுடன் ஒரு செடியைப் பிடுங்கிச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. அனுமதிக்கப்பட்ட மருந்து எது, அளவு எவ்வளவு என்பதை அவரே கூறட்டும். மிஞ்சிய மருந்தை அடுக்களைத் தட்டில் வைத்திருப்பதாயின், இன்றே எடுத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க.