ஒழுக்கம் வாசற்படியோடு நின்றுவிடலாமா?

நல்லொழுக்கம் என்றதும் பொய் சொல்லாமை, பெரியவர்களை மதித்தல் என்று அடுக்குவோம். சித்த மருத்துவம் இன்னும் இரண்டைச் சேர்க்கும்: நாளொழுக்கம், காலவொழுக்கம். எந்த வேளையில், எந்தப் பருவத்தில் எப்படி நடந்துகொண்டால் நோய் அண்டாது என்று சொல்வது அது. சரி, அந்த ஒழுக்கம் நம் வீட்டு வாசலோடு முடிந்துவிட்டால் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

மழைக்காலத்தில் என்னிடம் காய்ச்சலோடு வருபவர்கள் கேட்பது ஒன்றுதான். ‘‘வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கோம் டாக்டர். எங்களுக்கு எப்படி டெங்கு வந்துச்சு?’’

பதில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருக்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது. மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு என்று நல்ல தண்ணீர் தேங்கும் இடத்தையே தேடும். பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் சாகாது. மறுபடி நீர் பட்டால் 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு நாள் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கொசு சில நூறு மீட்டர் பறக்கக்கூடியது. உங்கள் காம்பவுண்டு சுவர் அதற்கு ஒரு பொருட்டா என்ன?

2017-ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. ஊரெங்கும் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். ஒன்பது சரக்குகள் சேர்ந்த அந்தக் கஷாயத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் எந்தக் கஷாயமும் அடுத்த வீட்டுத் தொட்டிக்கு மூடி போடாது! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விடும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு தெரிந்தால் கஷாயத்தை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

‘‘அதெல்லாம் கார்ப்பரேஷன் வேலை சார்’’ என்பீர்கள். உண்மைதான், அவர்கள் செய்யத்தான் வேண்டும். ஆனால் கொசு வளரும்படி தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது என்று 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறது. தொட்டியைப் பார்க்க வரும் பணியாளரை கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டு, மாலையில் நிர்வாகத்தைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

கிராமத்தில் இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். நகரத்தில் இருந்தால், 2022-ல் விதிகள் வந்த பகுதி சபைக்குப் போங்கள். குழாயில் தண்ணீர் முறையாக வராததால்தான் குடம் குடமாகப் பிடித்து வைக்கிறோம், அங்கேதான் கொசு பெருகுகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். எழுந்து நின்று பேச ஒருவர் துணிந்தால், கூடப் பேச நாலு பேர் வருவார்கள். அப்படியே, தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டியின் தொட்டியையும் உங்கள் பிள்ளையை விட்டுக் கழுவச் சொல்லுங்கள். நீதிக் கதை பத்து சொல்லித் தருவதைவிட, அந்த ஒரு வேலை அவனுக்கு அதிகம் கற்றுத்தரும்.

உடம்பில் ஓர் உறுப்பு கெட்டால் மற்றவை சும்மா இருக்க முடியாது. தெருவும் ஓர் உடம்புதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தொட்டியைத் தேய்த்து முடித்ததும், பக்கத்து வீட்டுக் கதவையும் கொஞ்சம் தட்டுங்களேன்!