சம்மதம் புரியும் மொழியில் இருக்கட்டும்

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது. கைவிரல்கள் மரத்துப் போகின்றன. வயதாகிவிட்டது என்று பெரியவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு இருப்பது அமிலாய்டு என்னும் அபூர்வ இதய நோய்.

கல்லீரலில் உண்டாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் நிலைகுலைந்து இதயத் தசையில் படிகிறது. இதயம் தடித்து, விறைத்துப் போகிறது. நெடுங்காலம் இதற்குத் தனி மருந்து கிடையாது. டஃபாமிடிஸ் என்ற மருந்தை 441 நோயாளிகளிடம் 30 மாதம் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் இறந்தனர். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 43 பேர் இறந்தனர். இந்த வித்தியாசத்தால்தான் 2019-ல் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி அளித்தது. அங்கே அப்போது அதன் விலை ஆண்டுக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் டாலர். சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்!

வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் 177 பேர். இந்த வெற்றியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. சோதனை இல்லாமல் மருந்து இல்லை. ஆனால், தெரிந்தே உடன்படுவது வேறு. தெரியாமல் அகப்பட்டுக் கொள்வது வேறு.

பெங்களூரின் பெரிய ஆஸ்பத்திரிகளில் பலவகை மருந்துச் சோதனைகள் நடக்கின்றன. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் தமிழர்களில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அவர்களிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கினால் அது சம்மதம் ஆகுமா?

ஆகாது என்கிறது 2019-ம் ஆண்டு மத்திய அரசு விதி. நோயாளிக்குப் புரியும்படி விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி கூடவே இருக்க வேண்டும். சோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு.

இன்னொன்றும் முக்கியம். இந்த நோய்க்கு மருந்தை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். சோதனை முடிந்ததும் மருந்தை நிறுத்தினால் ஏழை என்ன செய்வார்? வேறு சிகிச்சை இல்லாத நிலையில், டாக்டரும் நெறிமுறைக் குழுவும் சிபாரிசு செய்தால், பிறகும் இலவசமாக மருந்து வழங்க விதியில் இடம் இருக்கிறது. இதை நோயாளி கையெழுத்திடும் முன்பே கேட்டு, எழுத்தில் பெற வேண்டும். கேட்கத் தெரியாதவருக்கு ஆஸ்பத்திரியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

விதி ஏட்டில் இருந்தால் போதாது. கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் வாய்விட்டுச் சொல்ல ஆள் வேண்டும். மாநில சுகாதாரத் துறை இதை நேரில் கண்காணிக்க வேண்டும். தன் உடலையே சோதனைக்குத் தருகிறவருக்கு, எதற்குத் தருகிறோம் என்பதாவது தெரிய வேண்டாமா?